நம்பர் இல்லாத நம்பர்

வைகுண்ட ஏகாதசிக்கு எங்கள் மாவட்டத்துக்கு மட்டும் லீவு விடுவார்கள். சென்னையில் அன்று ஆபீஸ் உண்டு. இந்த ஒரு வித்தியாசத்தால்தான் அன்றைக்கு அவ்வளவு நெருக்கடி.

துறையூர் ரோட்டில் இருக்கும் ஒரு பொறியியல் கல்லூரியில் நான் லேப் அட்டெண்டர். சிவில் டிபார்ட்மென்டின் கம்ப்யூட்டர் ரூம் என் பொறுப்பு. கதவைத் திறப்பேன், ஏ.சி. போடுவேன், வருகிறவர்களிடம் ரிஜிஸ்டரில் கையெழுத்து வாங்குவேன், தூசி தட்டுவேன். ரூமின் மூலையில் ஆள் உயரத்துக்கு ஒரு பெரிய மெஷின் இருக்கிறது. ஆராய்ச்சி மாணவர்கள் தங்கள் கணக்குகளை அதில் ஓட விடுவார்கள். பல வருஷமாக அதைத் துடைக்கிறேன். அதற்குள் என்ன நடக்கிறது என்று ஒருவரையும் கேட்டதில்லை. எதையும் கேட்கிற சுபாவம் எனக்கு இல்லை. பஸ் என் ஸ்டாப்பைத் தாண்டிப் போனால்கூட கண்டக்டரைக் கூப்பிட மாட்டேன். அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி நடந்து வருவேன்.

அந்த மெஷினை அதிகம் பயன்படுத்தியவர் ஒரு ஆராய்ச்சி மாணவி. கைலாசபுரம் டவுன்ஷிப்பில் அம்மா வீடு. கல்யாணமாகி முப்பது வயதைத் தாண்டியவர். வெள்ளம் வரும்போது ஆற்றுப் பாலத்தின் தூணைச் சுற்றித் தண்ணீர் மணலை எவ்வளவு ஆழம் தோண்டும் என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. அதில் ஏழு வருஷம் போயிருந்தது. என்னை அண்ணா என்பார், நான் மேடம் என்பேன். அதற்கு மேல் நாங்கள் பேசிக்கொண்டது குறைவு.

அவருடைய ஆராய்ச்சிப் புத்தகத்தைப் பார்த்தவர்கள் ஒரே ஒரு கணக்கை மறுபடி போட்டு அனுப்பச் சொல்லியிருந்தார்கள். கெடுவை ஒரு தடவை நீட்டிக் கொடுத்தாகிவிட்டது. இனி நீட்ட மாட்டார்கள். ஏகாதசியன்று மாலை ஐந்து மணிக்குள் சென்னைக்கு அது போய்ச் சேரவில்லை என்றால் பதிவு ரத்து. ஏழு வருஷமும் போய்விடும். அப்போது அவர் ஏழு மாதக் கர்ப்பிணி. பிரஷர் அதிகம் என்பதால் டாக்டர் படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். இதில், இரண்டு நாள் முன்பு கம்பெனி ஆட்கள் வந்து மெஷினில் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அவர் சேர்த்து வைத்த பைல்கள் தனியாக இருந்ததால் தப்பித்தன. கணக்குப் போடுகிற புரோகிராமை மட்டும் அடியிலிருந்து மறுபடி கட்ட வேண்டும். வெளியிலிருந்து அந்த மெஷினுக்குள் நுழைய முடியாதபடி அடைத்து வைத்திருந்தார்கள். யாராவது எதிரே உட்கார்ந்துதான் தட்ட வேண்டும். லீவுக்கு எல்லா மாணவர்களும் ஊருக்குப் போய்விட்டார்கள். அவருடைய பேராசிரியர் வெளிநாட்டில்.

காலை ஏழரை மணிக்கு எனக்குப் போன் வந்தது.

"அண்ணா, உங்களுக்கு ஏ பி சி டி தெரியும்ல?"

"தெரியும் மேடம்."

"அப்ப நான் சொல்லச் சொல்ல நீங்க தட்டறீங்களா? வேற யாரும் இல்லண்ணா."

சரி என்று சொல்லிவிட்டேன். முடியாது என்று சொல்வதும் எனக்கு வராது.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெரு முழுக்க வெளியூர்க் கூட்டம். என் மனைவி குளித்துவிட்டு வரிசைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் ஈரத் தலையோடு நின்றாள்.

"பெருமாளே இன்னைக்குத்தான் கதவைத் திறக்கறாரு. நீங்க தினம் திறக்கற கதவை நாளைக்குத் திறந்தா ஆகாதா?"

"நாளைக்குப் பிரயோஜனம் இல்ல."

"அந்த மெஷினைத் தொடத் தெரியுமா உங்களுக்கு? துடைக்கத்தான தெரியும்?"

நான் சட்டையை மாட்டிக்கொண்டேன். அவள் விரதம். இருந்தாலும் முணுமுணுத்துக்கொண்டே எனக்காக அவல் உப்புமா கிளறி டப்பாவில் போட்டுப் பையில் வைத்தாள்.

திருவானைக்காவல் வரை நடந்தேன். அங்கிருந்து ஒரு பஸ்ஸில் நம்பர் ஒன் டோல்கேட், அங்கிருந்து துறையூர் பஸ். நான் ஆங்கிலம் படித்ததெல்லாம் இந்தப் பலகைகளில்தான். N, அடுத்து o, அடுத்து ஒன்று, அதற்குப் பிறகு ஒரு நீள வார்த்தை. அதைச் சேர்த்து நம்பர் ஒன் டோல்கேட் என்று படிப்பேன். எங்கள் ரிஜிஸ்டரிலும் முதல் கட்டத்தில் அதே இரண்டு எழுத்துதான் இருக்கும். அதன் கீழே நான் ஒன்று, இரண்டு என்று போட்டு வைப்பேன்.

கல்லூரி கேட்டில் வாட்ச்மேன் மட்டும் இருந்தார். ரிட்டயர்டு மிலிட்டரிக்காரர். யாரையும் சும்மா விட மாட்டார்.

"என்ன சயின்டிஸ்ட் சார், லீவு நாள்ல?"

"ஒரு வேலைண்ணே."

"ராக்கெட் விடப் போறியா? விடறப்ப சொல்லு, நான் கொஞ்சம் தள்ளி நின்னுக்கறேன்."

ஒன்பதே காலுக்கு மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. என்னுடையது பட்டன் போன். ஸ்பீக்கரில் போட்டு கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். உட்காருவதற்கு முன்னால் பழக்கத்தில் தூசித் துணியை நனைத்து மேஜையைத் துடைத்துப் பிழிந்து மெஷினுக்குப் பின்னால் கம்பியில் போட்டேன். அதன் பின்புறத்தில் வெப்பக்காற்று வரும். துணி எப்போதும் அங்கேதான் காயும்.

மேடம் முதலில் விளக்கம் சொன்னார். எனக்குச் சொல்ல வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆனாலும் சொன்னார்.

"என் புரோகிராமுக்கு எல்லா வேலையும் தெரியாதுண்ணா. சில வேலைக்கு வெளியில இருக்கற லைப்ரரியைக் கூப்பிட்டுக்கும். புஸ்தக லைப்ரரி இல்ல. வேற யாரோ எழுதி வச்ச புரோகிராம். கல்யாணச் சமையல்காரர் மாவாட்டவும் காய் நறுக்கவும் வெளி ஆள் கூப்பிட்டுக்கற மாதிரி. முதல்ல கான்ஃபிகர்னு ஒண்ணு ஓடும். அது மெஷினுக்குள்ள தேடி, யாரு இருக்காங்கன்னு பார்த்துக் குறிச்சுக்கும். அதுக்கப்புறம்தான் புரோகிராமைக் கட்டும். புரியுதாண்ணா?"

"புரியுது மேடம்."

"இதுல சிலது கட்டாயம். அது இல்லைன்னா அங்கேயே நின்னுடும். சிலது ஆப்ஷனல். பரீட்சையில சாய்ஸ்ல விடுவோம்ல, அது மாதிரி. இருந்தா சேத்துக்கும், இல்லைன்னா விட்டுட்டுப் போயிக்கிட்டே இருக்கும். ஒரு சத்தம் போடாது."

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை, அந்தப் பரீட்சையில் சாய்ஸ் கிடையாது. ஆனாலும் சரி என்றேன்.

தட்ட ஆரம்பித்தோம். கீபோர்டில் இருப்பதெல்லாம் பெரிய எழுத்து, திரையில் வருவதெல்லாம் சின்ன எழுத்து. அவர் எல் என்றால் நான் L-ஐத் தேடித் தட்டுவேன், திரையில் ஒரு குச்சி விழும். அது எல்லா, ஒன்றா என்று எனக்குச் சந்தேகம் வரும். ரெண்டு மைனஸ் என்றார். மைனஸ் எது என்று தெரியவில்லை. "கழித்தல் கோடுண்ணா" என்றார். அதைக் கண்டுபிடித்தேன். ஒரு கோடு போட்ட இடத்தில் இரண்டு போட வேண்டியிருந்தது. ஒரு வரியை ஆறு தடவை அழித்து அழித்துத் தட்டினேன். விரல் நுனி வியர்த்தது. ஏ.சி. பதினெட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

கான்ஃபிகர் ஓடியது. கருப்புத் திரையில் எழுத்துகள் மளமளவென்று மேலே போயின. கடைசியில் நின்று ஒரு சின்னப் பட்டியல் வந்தது. ஐந்து வரி. இடது பக்கம் பெயர்கள். வலது பக்கம் முதல் வரிக்கு மூன்று புள்ளி ஏதோ ஒரு எண். இரண்டாவதற்கும் நான்காவதற்கும் அதே போல வேறு எண்கள். மூன்றாவது வரிக்கும் ஐந்தாவது வரிக்கும் எதிரே நம்பர் என்று மட்டும் இருந்தது. எண்ணைக் காணோம்.

"அஞ்சு பேரும் வந்தாச்சாண்ணா?"

"வந்தாச்சு மேடம்."

"எல்லாத்துக்கும் எதிர்ல ஏதாவது போட்டிருக்கா?"

"போட்டிருக்கு மேடம்."

இரண்டுக்கு எண் விட்டுப் போயிருக்கிறது என்று நாக்கு நுனி வரை வந்தது. ரிஜிஸ்டரில் நம்பர் என்று எழுதிவிட்டு எண்ணைப் பிறகு போட்டுக்கொள்வது எங்களுக்கு வழக்கம். மெஷினும் பிறகு போட்டுக்கொள்ளும் போலிருக்கிறது என்று நினைத்தேன். இதைக் கேட்டால் இதுகூடத் தெரியாதா என்று நினைப்பாரோ என்றும் இருந்தது. அந்த நேரத்தில் போனில் அவருடைய அம்மா குரல் கேட்டது. பிரஷர் பார்க்க நர்ஸ் வந்திருக்கிறாராம். நான் வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்து இரண்டு வரி தட்டச் சொன்னார். புரோகிராம் கட்டி முடிய நாற்பது நிமிஷம் ஆனது. பத்தே முக்காலுக்குக் கணக்கை ஓட விட்டோம்.

"மூணு மணி நேரம் போதும்ணா. ரெண்டு மணிக்குள்ள முடிஞ்சிடும். முடிஞ்சா பன்னெண்டு வரி வரும், அதை மட்டும் படிச்சுச் சொல்லுங்க. மிச்சத்தை நான் படுத்துக்கிட்டே எழுதி அனுப்பிடுவேன்."

அதற்குள் அவர் அம்மா போனை வாங்கிக்கொண்டார்.

"இங்க பாருங்க, இவளுக்கு இப்பவே நூத்தி நாப்பதைத் தாண்டி நிக்குது. இனிமே ரெண்டு மணிக்குப் போன் பண்ணுங்க. நடுவுல ஏதாவதுன்னா நீங்களே பார்த்துக்கங்க."

நான் என்ன பார்த்துக்கொள்வது? சரிங்க என்றேன். போன் வைக்கப்பட்டது.

ஸ்டூலை இழுத்துப் போட்டு என் வழக்கமான இடத்தில், கதவோரமாக, உட்கார்ந்தேன். திரையில் ஒரு கட்டம் மட்டும் மின்னிக்கொண்டிருந்தது. ஓடுகிறது என்றுதான் அர்த்தம். பதினொன்றேகால் ஆனது. பதினொன்றரை ஆனது. எனக்கு என்னவோ மாதிரி இருந்தது. என்ன என்று பிடிபடவில்லை. எழுந்து ரூமைச் சுற்றி வந்தேன். குளிராக இருந்தது. சட்டைக்கு மேலே துண்டைப் போர்த்திக்கொண்டேன். அமைதியாகவும் இருந்தது. வெளியே வேப்பமரத்தில் காக்கை கத்துவது கேட்டது.

அந்த ரூமில், மேடத்தின் கணக்கு ஓடும்போது, நான் ஒரு நாளும் காக்கைச் சத்தம் கேட்டதில்லை. அவர் கணக்கைப் போட்டால் உள்ளே இருக்கும் மின்விசிறிகள் எல்லாம் ஒன்றாகச் சுற்றி, கொள்ளிடம் பாலத்தில் வரிசையாக லாரி போவது போல இரையும். ரூம் சூடேறி ஏ.சி. திணறும்.

மெஷினுக்குப் பின்னால் போய்த் துணியைத் தொட்டுப் பார்த்தேன். கம்பியில் போட்டு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. மேடத்தின் கணக்கு ஓடினால் அரை மணி நேரத்தில் அப்பளம் மாதிரி காய்ந்துவிடும் துணி. இன்னும் ஈரமாக, சில்லென்று இருந்தது.

கணக்கு ஓடுகிறது, ஆனால் மெஷின் வேலை செய்யவில்லை. இது எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஏன் என்று தெரியவில்லை. இதை எப்படிச் சொல்வது என்பதும் தெரியவில்லை. துணி காயவில்லை என்று ஏழு வருஷம் படித்தவரிடம் எப்படிப் போய்ச் சொல்வது? போனை எடுத்தேன், வைத்தேன். நூற்று நாற்பது என்று அவர் அம்மா சொன்னது காதில் இருந்தது. நான் சொல்லப்போய் அந்தப் பெண்ணுக்கும் வயிற்றில் இருக்கும் குழந்தைக்கும் ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது? நான் நினைப்பது தவறாகக்கூட இருக்கலாம். ரெண்டு மணி வரை பொறுத்தால் என்ன என்றும் தோன்றியது.

வராந்தாவுக்கு வந்தேன். வாட்ச்மேன் தண்ணீர் பிடிக்க வந்திருந்தார். என் முகத்தைப் பார்த்து, "என்னய்யா, ராக்கெட் கவுந்துடுச்சா?" என்றார்.

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"போன் பண்ணு."

"அவங்களுக்குப் பிரஷருண்ணே. அவங்கம்மா பண்ணாதீங்கன்னாங்க."

"ரெண்டு மணிக்கு உன் மெஷின் கைய விரிச்சா, அப்பச் சொல்லுவ. அப்ப மட்டும் பிரஷர் இறங்கிடுமா? இப்ப சொன்னா ஏதாவது செய்யலாம். அப்பச் சொன்னா அழத்தான் முடியும்."

மணி பதினொன்று ஐம்பது. போன் செய்தேன். அவர் அம்மாதான் எடுத்தார்.

"நான்தான் சொன்னேனே, ரெண்டு மணிக்குன்னு."

"துணி காயலைங்க."

"என்ன?"

"துணிங்க. மெஷினுக்குப் பின்னாடி போட்டது. காயலைங்க."

"என்னங்க பேசறீங்க? இங்க பொண்ணு படுத்த படுக்கையா இருக்கா, நீங்க துணி துவைச்சுக்கிட்டு இருக்கீங்களா?"

வைத்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். அதற்குள் பின்னால் மேடத்தின் குரல் கேட்டது. "அம்மா, போனைக் குடு. குடும்மா."

"என்ன துணிண்ணா?"

தூசித் துணி, பின்னால் வரும் வெப்பக்காற்று, மின்விசிறி இரைச்சல், காக்கை என்று மனதில் இருந்த எல்லாவற்றையும் முன்பின்னாகச் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"ஒரே ஒருத்தன்தான் வேலை செய்யறான்," என்றார் பிறகு. என்னிடம் இல்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "மெஷினுக்குள்ள கணக்குப் போடற முப்பத்திரண்டு பேருல ஒருத்தன். இப்படியே போனா நாலு நாள் ஆகும்." மூச்சு வாங்குவது கேட்டது. "அண்ணா, காலைல வந்த அந்தப் பட்டியல்ல மூணாவதா, எம்-ல ஆரம்பிச்சு மூணெழுத்து இருந்துச்சா? அதுதான் வேலையை எல்லாருக்கும் பங்கு போட்டுக் கொடுக்கற லைப்ரரி. அதுக்கு எதிர்ல என்ன இருந்துச்சு?"

"நம்பர் இருந்துச்சு மேடம்."

"என்ன நம்பர்?"

"நம்பர் போடலை மேடம். நம்பர்னு மட்டும் இருந்துச்சு."

"புரியலைண்ணா. நம்பர் இருந்துச்சா இல்லையா?"

"நம்பர்னு எழுதியிருந்துச்சு. எண்ணு எழுதலை."

"எழுத்தா சொல்லுங்க. என்ன எழுத்து?"

"என். ஓ."

அவர் மெதுவாக, "அது நம்பர் இல்லண்ணா. நோ. இல்லைன்னு அர்த்தம்," என்றார். "அது கிடைக்கலைன்னு சொல்லியிருக்கு."

நோ என்ற வார்த்தை தெரியாதவன் இல்லை நான். வாயால் யாராவது சொன்னால் தெரியும். கண்ணால் பார்த்தால்தான் அது எனக்கு நம்பர். அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் திட்டவில்லை.

"மேடம், நான் காலைலயே பார்த்தேன். சொல்லியிருக்கணும். வெக்கப்பட்டுக்கிட்டுச் சொல்லாம விட்டுட்டேன்."

"நானும் ஒழுங்காக் கேக்கலைண்ணா. ஏதாவது போட்டிருக்கான்னு கேட்டேன், போட்டிருக்குன்னீங்க. அது உண்மைதானே." பெருமூச்சு விட்டார். "மணி என்ன? பன்னெண்டா? ஒரு மணிக்குள்ள மறுபடி ஓட விட்டா நாலு மணிக்கு வந்துடும். வாங்க. இனிமே திரையில என்ன வந்தாலும் சொல்லுங்க. எறும்பு ஊர்ந்தாக்கூடச் சொல்லுங்க."

ஓடுவதை நிறுத்தினோம். கட்டியதை அழித்தோம். அந்த லைப்ரரி மெஷினுக்குள் இருக்கத்தான் இருக்கிறது, கம்பெனி ஆட்கள் அதை வேறு இடத்தில் வைத்துவிட்டுப் போயிருப்பார்கள், அதனால்தான் தேடிக் கிடைக்கவில்லை என்றார். இடத்தைக் கண்டுபிடித்துக் கையால் காட்டிக் கொடுக்க வேண்டும். ஒரு வரி தட்டச் சொன்னார். பெயர்கள் கொத்தாக வந்தன. ஒவ்வொன்றையும் எழுத்து எழுத்தாகச் சொன்னேன். பதினோராவது பெயர் எம்மில் ஆரம்பித்தது.

"அதேதான்! அதேதாண்ணா!" அவர் குரல் உயர்ந்தது. அவர் அம்மா பின்னால் ஏதோ அதட்டினார்.

முன்பு தட்டிய நீள வரியை மறுபடி தட்டினேன், இந்தத் தடவை அந்த இடத்தின் விலாசத்தையும் சேர்த்து. "இப்ப சாய்ஸ் கிடையாது," என்றார். "இது கட்டாயம்னு எழுதிடலாம். கிடைக்கலைன்னா சத்தம் போட்டு நிக்கட்டும்."

கான்ஃபிகர் ஓடியது. நடுவில் நின்றது. பட்டியலே வரவில்லை.

"நின்னுடுச்சு மேடம்."

மணி பன்னிரண்டு இருபது. அவர் இரண்டு மூன்று விதமாகக் கேட்டார், நான் திரையில் உள்ளதைப் படித்தேன். எழுத்து எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அந்த இடத்துக்குள் போய்ப் பார்க்க ஒரு வரி தட்டச் சொன்னார். நாலு பெயர் வந்தது.

"லைப்ரரிக்குச் சுருக்கமா எல் ஐ பின்னு இருக்காண்ணா?"

"இருக்கு மேடம்."

"அப்ப சரியாத்தானே இருக்கு..." அவர் குரல் இறங்கிப் போனது.

அவர் கேட்டதற்குப் பதில் சொல்லியாகிவிட்டது. என் வழக்கப்படி அதோடு நிறுத்தியிருப்பேன். தொண்டையைக் கனைத்துக்கொண்டேன்.

"மேடம், அதுக்குப் பக்கத்துல இன்னொண்ணு இருக்கு. அதே எல் ஐ பி. ஆனா பின்னாடி அறுபத்தி நாலுன்னு போட்டிருக்கு. அது வேணுமான்னு தெரியலை."

"அறுபத்தி நாலா?"

"ஆறு, நாலு. இதுல நம்பர் உண்மையாவே இருக்கு மேடம்."

அவர் சிரித்துவிட்டார். அழுகையும் சேர்ந்த சிரிப்பு மாதிரி இருந்தது. "அண்ணா, அங்கதான் வச்சிருப்பாங்க. அதைத் தட்டுங்க. முதல்ல அதைத் தட்டுங்க."

ஆறையும் நாலையும் சேர்த்துத் தட்டினேன். எழுத்துகள் ஓடின. பட்டியல் வந்தது. மூன்றாவது வரிக்கு எதிரே நாலு புள்ளி ஒன்று என்று இருந்தது. ஐந்தாவது வரிக்கு மட்டும் பழையபடி அதே இரண்டெழுத்து.

"அஞ்சாவதுக்கு நோ மேடம்."

"அது நிஜமாவே சாய்ஸ்தாண்ணா. போகட்டும்."

புரோகிராம் மறுபடி கட்டி முடிந்து, ஒரு மணி ஐந்து நிமிஷத்துக்குக் கணக்கு ஓட ஆரம்பித்தது. நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு மெஷினைப் பார்த்தபடி நின்றேன். பத்து எண்ணுவதற்குள் ஒரு விசிறி சுற்றியது. பிறகு இன்னொன்று. பிறகு எல்லாம் சேர்ந்து இரைந்தன. போனை மெஷின் பக்கம் நீட்டினேன்.

"கேக்குதா மேடம்?"

"கேக்குதுண்ணா," என்றார்.

அவர் அம்மா மறுபடியும் போனை வாங்கி வைத்துவிட்டார். நான் கதவோரம் ஸ்டூலில் உட்கார்ந்தேன். எதிரே திறந்திருந்த கதவில் நான் வாரம் ஒரு தடவை துடைக்கும் தகரப் பலகை. கீழே தமிழில், காலணியுடன் உள்ளே வரக் கூடாது. மேலே ஆங்கிலத்தில் முதல் இரண்டெழுத்து N, O. அது அந்த ரூமின் நம்பர் என்றும், எண்ணைப் பெயிண்டர் எழுத மறந்துவிட்டான் என்றும் நான் இவ்வளவு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெயிண்டர் மேல் ஒரு குறைகூட இருந்தது எனக்கு.

நாலு மணி ஆனது. ஒன்றும் வரவில்லை. நாலு மணி ஐந்து. எழுந்து திரைக்கு முன்னால் நின்றேன். வாட்ச்மேன் வந்து வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். நாலு ஒன்பதுக்கு முதல் வரி விழுந்தது. பிறகு ஒன்றன் கீழ் ஒன்றாகப் பன்னிரண்டும் விழுந்தன.

போன் முதல் மணியிலேயே எடுக்கப்பட்டது.

"சொல்லுங்கண்ணா."

"ஒண்ணாவது. மூணு புள்ளி ரெண்டு எட்டு. அப்புறம்... மேடம், நடுவுல ஒரு ஈ இருக்கு."

"ஈ உக்காந்திருக்கா?" என்றார் வாட்ச்மேன் பின்னாலிருந்து. "ஓட்டுய்யா."

"எழுத்துண்ணே. இங்கிலீஷ் ஈ."

"அது இருக்கணும்ணா," என்றார் மேடம். "புள்ளி எந்தப் பக்கம் எத்தனை இடம் நகரணும்னு சொல்ற எழுத்து. அதுக்கப்புறம் என்ன இருக்குங்கறதுதான் முக்கியம். கோடா, கூட்டலா?"

"கோடு. சைபர் ஒண்ணு."

எண்கள் எனக்குப் பழக்கம். எழுத்தில் தடுமாறியது போல எண்ணில் தடுமாறவில்லை. பன்னிரண்டு வரியையும் சொன்னேன். அவர் திருப்பிப் படித்தார். ஆறு வரி சரி. ஏழாவதை வேகமாகப் படித்தார். "ஒண்ணு புள்ளி சைபர் ஏழு, ஈ, கோடு..."

"நிறுத்துங்க மேடம்."

நான் யாரையும் அப்படிச் சொன்னதில்லை. சொன்ன பிறகு எனக்கே பயமாக இருந்தது.

"ஏழுல கோடு இல்ல. கூட்டல். ஏழுலேருந்து கடைசி வரைக்கும் கூட்டல்தான்."

அந்தப் பக்கம் பேனா ஓடுகிற சத்தம். "ஆமாண்ணா. கூட்டல்தான் வரணும். மேல இருக்கற மாதிரி கோடு, சைபர் ஒண்ணுன்னு போட்டிருந்தா ஒரு மீட்டர் பள்ளம் பத்து சென்டிமீட்டரா ஆகியிருக்கும்." மீதியைப் படித்து முடித்தார். "சரி, நான் வைக்கறேன். நாப்பது நிமிஷம்தான் இருக்கு."

ஏ.சி.யை அணைத்தேன். துணியை எடுத்தேன். விறைப்பாகக் காய்ந்திருந்தது. மடித்து வைத்துவிட்டு ரூமைப் பூட்டினேன். ரிஜிஸ்டரில் அன்றைக்கு வந்தவர் பெயர் எழுதும் இடத்தில் என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்டார். கேலி செய்யவில்லை. அது எனக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது.

பஸ் கொள்ளிடத்தை நெருங்க நெருங்க ஊர்ந்தது. ஏகாதசிக் கூட்டத்துக்காகப் பாலத்தில் வண்டிகளை நிறுத்தி நிறுத்தி விட்டுக்கொண்டிருந்தார்கள். டோல்கேட்டில் பஸ் நின்றே விட்டது. மணி ஐந்து. போனை உள்ளங்கையில் பிடித்துக்கொண்டிருந்தேன். ஐந்து ஐந்து. ஐந்து பத்து. போய்ச் சேர்ந்திருந்தால் இதற்குள் சொல்லியிருப்பார்கள். காலையில் நான் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் இரண்டு மணிக்கே முடிந்திருக்கும் என்று திரும்பத் திரும்ப நினைத்தேன். எதிரே நின்ற டவுன் பஸ்ஸின் நெற்றியில் அதே பலகை. N, o, ஒன்று.

ஐந்து இருபதுக்குப் போன் அடித்தது. அவர் அம்மா.

"போயிடுச்சுங்க. அஞ்சு மணிக்கு மூணு நிமிஷம் இருக்கறப்பவே போயிடுச்சாம். கிடைச்சுதுன்னு அங்கேருந்து பதில் வரணும்னு இவ்வளவு நேரம் உக்காந்திருந்தோம். இப்பத்தான் வந்துச்சு."

"மேடத்துக்கு பிரஷரு..."

"பார்த்தாச்சு. இறங்கியிருக்கு. அழுதுட்டு அசந்து தூங்கறா." பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "காலைல துணி துணின்னீங்களா, நான் வேற கோவிச்சுக்கிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க. சாப்பிட்டீங்களா? ஏகாதசி, விரதமா இருப்பீங்க."

ஆமாம் என்றால் பேச்சு அதோடு முடிந்துவிடும். எனக்கும் அதுதான் சுலபம்.

"இல்லைங்க," என்றேன். "விரதமெல்லாம் இல்லைங்க. சாப்பாடு பையிலயே இருக்கு. மறந்துட்டேன்."

அவர் சிரித்தார். "அப்ப முதல்ல சாப்பிடுங்க," என்று சொல்லிப் போனை வைத்தார்.

பையைத் திறந்தேன். அவல் உப்புமா ஆறி ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருந்தது. பஸ் இன்னும் நகரவில்லை. பக்கத்தில் இருந்தவர் முழங்கையை மடக்கிக்கொண்டு எனக்கு இடம் விட்டார். டோல்கேட்டில் நின்ற பஸ்ஸுக்குள்ளேயே உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தேன்.